கொலஸ்ட்ரால் இருப்பவர் சுட்ட இறால் சாப்பிடலாமா?

கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 54. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 158, இரத்தக் கொழுப்பின் இன்னொரு வகையான டிரைகிளிசரைடு 230 என்று வந்ததால், மருத்துவர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார். இறாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உறவினர்கள் எல்லோரும் இறாலைத் தொடவே கூடாது என்கிறார்கள். இவருக்கோ இறால் என்றால் உயிர். எண்ணெய் இல்லாமல் சுட்டுக் கொடுக்கலாம் என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகன் ஒரு கிரில் தவா வாங்கித் தந்திருக்கிறான். செய்து பார்த்தால் இறால் ரப்பர்போல் இழுக்கிறது; ஒருமுறை சுடும்போதே ஒரு கார நெடி வந்தது. வாசலில் கரி அடுப்பு வைத்துச் சுட்டால் நன்றாக வருமா? மருமகளுக்கு நண்டு சாப்பிட்டால் உதடு அரிக்கும். அவள் இறால் சாப்பிடலாமா என்பதையும் சொல்லுங்கள். – ஒரு வாசகி, கோத்தகிரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் இறால் சாப்பிடலாம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தலையும் ஓடும் போக 100 கிராம் சதை என்ற அளவில், வெண்ணெய் சேர்க்காமலும் எண்ணெயில் பொரிக்காமலும் சுட்டுக் கொடுப்பதற்கு, நீங்கள் எழுதியிருக்கும் பரிசோதனை எண்களைப் பார்க்கையில் எனக்குத் தயக்கம் இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த அளவைச் சொல்லி அவருடைய ஒப்புதலையும் பெற்றுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, யூரிக் அமிலம் கூடி மூட்டுகள் வீங்குவதுண்டு என்றாலோ இந்த அளவு பொருந்தாது. இறாலில் புரதமும் அதிகம், யூரிக் அமிலமாக மாறும் பியூரினும் கணிசமாக உண்டு. உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றிய பேச்சு இல்லாததால், அந்தத் தொல்லைகள் இல்லை என்றே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உறவினர்களின் அச்சம் அடியோடு ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். 100 கிராம் இறால் சதையில் சுமார் 150 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதே எடையுள்ள கோழி நெஞ்சுக்கறியில் இருப்பதைப்போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய முட்டை ஒன்றின் மஞ்சள் கருவில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கு உணவு வழியாக 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் சேரக் கூடாது என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் சொல்லிவந்த காலத்தில், ஒரு தட்டு இறால் அந்தக் கணக்கில் பாதியை விழுங்கிவிடும் என்பதால் அது விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அந்த 300 என்ற எண்ணையே கைவிட்டது. உணவுக் கொலஸ்ட்ராலை முடிந்தவரை குறைவாக உண்ணுங்கள் என்ற பொதுவான அறிவுரையை மட்டும் வைத்துக்கொண்டது. எண் போய்விட்டது, எண்ணிலிருந்து பிறந்த அச்சம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

அந்த எண் கைவிடப்பட்டதற்குக் காரணம், இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும் பகுதியை நம் உடலே உற்பத்தி செய்துகொள்கிறது என்பதும், உணவிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் கூடும்போது பெரும்பாலானோரின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்து ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது என்பதும்தான். எல்.டி.எல். அளவை இதைவிட வலுவாக உயர்த்துவது, வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. அது மிகும்போது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் வேலை தொய்ந்துபோகிறது. உங்கள் கணவர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை செய்வது இதற்கு நேர் எதிரான வேலை: கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைத்து, இரத்தத்தில் இருப்பதை அதிகமாக இழுத்துக்கொள்ளும்படி அதைத் தூண்டுகிறது. இறால் சதையில் மொத்தக் கொழுப்பே 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில்தான் இருக்கிறது; அதில் நிறைவுற்ற கொழுப்பு அரை கிராமைக்கூட எட்டுவதில்லை. அதே இறாலைப் புரட்டி எடுக்கும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலோ 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. இரவு மாத்திரை செய்யும் வேலையை மதியமே அழித்துவைப்பது அந்த வெண்ணெய்தான், இறால் அன்று.

1996-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே நேரடியாகச் சோதித்து வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் அளவு இயல்பாக இருந்தவர்களுக்கு மூன்று வாரம், நாள்தோறும் 300 கிராம் இறாலை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தபோது, எல்.டி.எல். சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். சுமார் 12 விழுக்காடு உயர்ந்தது. டிரைகிளிசரைடு 13 விழுக்காடு இறங்கியது. இதைப் படித்துவிட்டு நாள்தோறும் 300 கிராமுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று உங்கள் கணவர் மகிழ்ந்துவிடக் கூடாது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் உடல்நலத்தோடு இருந்தவர்கள், ஏற்கெனவே எல்.டி.எல். 158-இல் நிற்கும் ஒருவரின் உடலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உணவுக் கொலஸ்ட்ராலுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக எதிர்வினை காட்டும் உடல்வாகு உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 100 கிராம், வாரத்துக்கு இரண்டு முறை என்று நான் வரம்பு கட்டியது அதனால்தான். அந்த நாள்களில் முட்டையின் மஞ்சள் கருவைத் தவிர்த்துவிடுங்கள். தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பை உறிஞ்சிச் சாப்பிடும் வழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்குக் கூடுதலாக உறுத்துவது அந்த 230 என்ற டிரைகிளிசரைடு எண். அதற்கும் இறாலுக்கும் தொடர்பு இல்லை. இறாலில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். டிரைகிளிசரைடை ஏற்றுபவை சர்க்கரை, மைதா, அளவுக்கு மிஞ்சிய சோறு, மது ஆகியவை. மலைப்பகுதியிலிருந்து ஆலோசனைக்கு வரும் குடும்பங்களிடம் ஒரு நாளின் உணவை எழுதச் சொன்னால், கறியும் மீனும் கிராம் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். குளிருக்காக நாளெல்லாம் குடிக்கும் சர்க்கரை போட்ட தேநீரும், அதோடு சேர்ந்து உள்ளே போகும் வர்க்கியும் கணக்கிலேயே வந்திருக்காது. வர்க்கி என்பது மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பண்டம். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2022 முதல் 2 விழுக்காட்டுக்குள் அரசு கட்டுப்படுத்திவிட்டது என்றாலும், அதில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கு அப்படி ஒரு தடை இல்லை. உறவினர்கள் இறாலைக் கண்டு பதறும் அளவுக்கு வர்க்கித் தட்டைக் கண்டும் பதறினால் எனக்கு மகிழ்ச்சி. தொழிற்சாலையில் அவர் எத்தனை முறை தேநீர் குடிக்கிறார், எத்தனை கரண்டி சர்க்கரை, மது உண்டா என்பதை ஒரு வாரம் எழுதிவைத்து, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறால் தட்டில் வேறு என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் இறாலில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50 கிராம் ஆகும். ஆகவே அந்த வேளைக்கு இன்னொரு கறியோ மீனோ வேண்டியதில்லை. தட்டில் பாதியைக் காய்கறிக்கு விட்டுவிடுங்கள். கேரட்டும் பீன்ஸும் முட்டைகோஸும் நூல்கோலும் உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ விளைவதால் இதில் நான் சொல்லித் தர வேண்டியது அதிகம் இல்லை. உருளைக்கிழங்கைக் காயாக எண்ணாமல் சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர. வெள்ளைச் சோற்றுக்குப் பதில் ஒரு கிண்ணம் சாமைச் சோறோ, ஒரு கேழ்வரகுக் களி உருண்டையோ வைக்கலாம். வாரத்தில் மற்றொரு நாள் மத்தியோ அயிலையோ கிடைத்தால் குழம்பு வையுங்கள். டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா-3 கொழுப்பு இறாலில் கொஞ்சம்தான் இருக்கிறது; அதற்கு மத்திதான் நல்ல மீன், விலையும் குறைவு.

இனி அந்தக் கார நெடியைப் பற்றி. மூக்கைக் குத்தும் அந்த நெடி அமோனியாவாகத்தான் இருக்க வேண்டும். இறாலில் அமோனியா நெடி வருகிறது என்றால் பாக்டீரியாக்கள் அதன் சதையைச் சிதைக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். மசாலாவும் எலுமிச்சையும் அந்த நெடியை மறைக்குமே தவிர, கெட்டதைச் சரியாக்காது. தவாவில் போட்ட பிறகு நெடி வந்தாலும், கொடுத்த பணத்தை நினைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

கடற்கரையிலிருந்து உங்கள் ஊருக்கு இறால் வந்துசேரும் பாதையை எண்ணிப் பார்த்தால் இது ஏன் நடக்கிறது என்பது விளங்கும். தூத்துக்குடியிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கேரளக் கரையிலிருந்தோ கோயம்புத்தூருக்கு வந்து, உக்கடம் மீன் சந்தையில் கைமாறி, மேட்டுப்பாளையத்தின் வெயிலில் நின்று, அதன்பின் மலை ஏறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஐஸ் கொஞ்சம் உருகுகிறது; எல்லாக் கைகளும் அதை மறுபடி நிரப்புவதில்லை. உங்கள் ஊர் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே நேரத்தில்தான் மலையில் சுற்றுலாக் கூட்டம். கேட்பவர்கள் கூடி, வரத்துக் குறையும் அந்த வாரங்களில், "இன்று பிடித்த கடல் இறால்" என்று யாராவது சொன்னால், எந்தக் கரையில் என்று கேளுங்கள். நாட்டுப் படகில் பிடித்ததாகவோ கேரளத்திலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். நாள்பட்ட சரக்காகவும் இருக்கலாம். அந்தச் சமயத்தில் வளர்ப்பு இறாலையோ, நல்ல நிறுவனத்தின் உறைய வைத்த இறாலையோ வாங்குவதே மேல் என்பது என் எண்ணம். 2009-இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட வனாமி வகை இன்று பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. புரதத்தில் அது கடல் இறாலுக்குக் குறைந்தது அன்று, சுவையில் ஒரு படி கீழே என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உறைந்த இறாலாக இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சதை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளச் சில நிறுவனங்கள் பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்கின்றன. அப்படிச் சேர்த்த இறாலில் சோடியம் பல மடங்கு கூடிவிடும், தவாவில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். பொருள்களின் பட்டியலில் இறாலைத் தவிர வேறொன்றும் இல்லாததைத் தேடி எடுங்கள்.

சந்தையில் வாங்கினால் தலை உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், ஓடு மினுங்க வேண்டும், கடல் வாசனைக்கு மேல் வேறு வாசனை வரக் கூடாது. தலையும் ஓடும் போனால் வாங்கிய எடையில் பாதியளவுதான் சதையாகத் தேறும் என்பதால், நான்கு பேருக்கு 800 கிராம் வாங்குங்கள். தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் சதையைக் கரைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். ஆகையால் மலை ஏறும் முன்பே, வாங்கிய இடத்திலேயே தலையைக் கிள்ளித் தரச் சொல்வது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கொண்டுபோய், இறாலின் எடைக்குச் சம எடை உடைத்த ஐஸை மாற்றி மாற்றி அடுக்கி எடுத்துவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உருகிய நீரை வடித்துவிடுங்கள். அந்த நீரிலேயே ஊறினால் சுவையும் சத்தும் அதில் இறங்கிவிடும்.

மலையில் வாழ்பவர்களிடம் நான் அடிக்கடி எதிர்த்துப் பேச வேண்டியிருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. "இங்கே அடிக்கும் குளிரே ஃபிரிட்ஜ்தானே" என்று சொல்லி, சுத்தம் செய்த இறாலைச் சமையலறை மேடையில் மணிக்கணக்கில் வைத்துவிடுவார்கள். ஃபிரிட்ஜின் உட்புறம் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். உங்கள் சமையலறை 15 டிகிரியில் இருக்கும்போது உங்களுக்குக் கை விறைக்கலாம், பாக்டீரியாவுக்கு அது வளர்ச்சியைச் சற்று மெதுவாக்கும் குளிர் மட்டுமே. மசாலா தடவிய இறாலும் ஃபிரிட்ஜுக்குள்தான் காத்திருக்க வேண்டும். உறைந்த இறாலை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்து இளக விடுங்கள். குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போட்டால், வெளிப்புறம் பாதி வெந்து உட்புறம் கட்டியாகவே நிற்கும், பிறகு எந்தத் தவாவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ரப்பர்போல் இழுப்பதற்குக் காரணம் ஒன்றே: தேவைக்கு மேல் நெருப்பில் இருந்திருக்கிறது. ஆட்டுக்கறியில் இருப்பதுபோல் வேக வேக இளகும் சவ்வு இறாலில் மிகக் குறைவு. அதன் தசைப் புரதங்கள் சூடு ஏற ஏறச் சுருங்கி, தம்மிடம் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. உட்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் போதும், பாதுகாப்பாக வெந்துவிட்டது. அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் அதைக் கடினமாக்கத்தான் பயன்படும். அப்படியிருந்தும் கைதேர்ந்தவர்கள்கூட அதைக் கூடுதல் நேரம் விட்டுவிடுவதற்கு ஈரம்தான் காரணம். கழுவிய ஈரத்தோடு தவாவில் போடும் இறால் சுடப்படுவதில்லை, தன் நீரிலேயே அவிகிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை இறாலின் தோல் அந்தச் சூட்டைத் தாண்டாது, சிவந்த நிறமும் சுட்ட மணமும் வராது. நிறம் வரட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். அதற்குள் உள்ளே இருக்கும் சதை வெந்து, கடந்தும் போய்விடுகிறது.

ஆகவே இறாலைச் சுத்தமான பருத்தித் துணியில் ஒற்றி ஒற்றி, துணியில் ஈரம் படாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுடுவதற்குக் கிலோவுக்கு 30 முதல் 40 வரை நிற்கும் பெரிய இறாலாக வாங்குங்கள். கடைக்காரரிடம் 30 கவுண்ட், 40 கவுண்ட் என்று கேட்டால் புரிந்துகொள்வார். உங்களுக்கு நான் சொல்வது, ஓட்டை முழுவதும் உரிக்காமல், கத்தரிக்கோலால் முதுகை நீளவாக்கில் வெட்டி, கறுப்பு நரம்பு என்று நாம் சொல்லும் குடலை உருவி எடுத்துவிட்டு, ஓட்டோடு சுடுவது. ஓடு நெருப்புக்கும் சதைக்கும் நடுவே நின்று, உங்கள் கை பழகும்வரை ஓரிரு நொடிப் பிசகைத் தாங்கிக்கொள்ளும்.

800 கிராம் இறாலுக்கு ஊட்டிப் பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மிளகு, கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றை நன்றாக மைய அரைத்து, இரண்டு தேக்கரண்டி கடலையெண்ணெயில் குழைத்து, முதுகு வெட்டின் உள்ளே தடவுங்கள். இந்த எண்ணெய் நான்கு பேருக்குப் பிரிந்தால் ஒருவருக்கு அரைத் தேக்கரண்டிதான். உப்பு மொத்தமாக அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்பதுதான் பொதுவான பரிந்துரை, அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. வீட்டில் ரோஸ்மேரிச் செடி இருந்தால் ஒரு இணுக்கைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். பூண்டோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முன்கூட்டி ஊற்றாதீர்கள். அதன் புளிப்பு, நெருப்பில்லாமலேயே புரதத்தை வெளுக்கச் செய்து, அரை மணி நேரத்தில் சதையை மாவுபோல் ஆக்கிவிடும். இறக்கிய பின் பிழிந்தால் போதும். உப்புக் குறைவாக இருப்பதும் அப்போது நாக்குக்குத் தெரியாது. கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸில் சர்க்கரையும் உப்பும் மிகுதி, மயோனைஸ் பெரும்பகுதி எண்ணெய். இரண்டும் இந்தத் தட்டுக்குத் தேவையில்லை.

தவாவை நன்றாகக் காய விடுங்கள். குளிர்காலக் காலைகளில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து தீ தணிந்து எரிவது மலைவீடுகளில் வழக்கம் என்பதால், சமவெளிக்காரர்கள் எழுதும் நேரக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும், அதுதான் பதம். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து இறாலுக்கு மேல் அடுக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இறாலைத் தவா நிறையப் பரப்பினால் இரும்பின் சூடு அத்தனையும் இறங்கி, மறுபடி அவிதல்தான் நடக்கும். முதல் பக்கம் இரண்டு நிமிடம், அசைக்காமல் விடுங்கள். ஓரங்கள் சிவந்து, கண்ணாடிபோல் இருந்த சதை பாதி உயரம்வரை பால்வெள்ளையாக மாறியதும் திருப்பி, மேலும் ஒன்றரை நிமிடம். இறால் அரைவட்டமாக வளைந்து நின்றால் எடுத்துவிட வேண்டும். தலைவால் ஒட்டும்படி முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் தாமதம் ஆகிவிட்டது. தட்டை முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில்லிட்ட தட்டில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறியதை மறுபடி தவாவில் போடும் வழக்கமும் ரப்பருக்கு ஒரு காரணம்.

கரி அடுப்பில் சுட்டால் மணம் கூடும் என்பது உண்மை. கருகிய பாகங்களிலும் புகையிலும் உடலுக்கு ஆகாத பொருள்கள் உருவாகின்றன என்பதும் உண்மை. எனினும் கொழுப்பு சொட்டி நெருப்பில் எரிவதால் எழும் புகைதான் அதில் பெரும் பங்கு, இறாலில் சொட்டுவதற்குக் கொழுப்பே இல்லை. நன்றாகக் கனன்று சாம்பல் பூத்த கரியில், தீ நாக்கு படாமல், சில நிமிடங்களில் சுட்டு எடுத்து, கருகிய ஓட்டை நீக்கிவிட்டுச் சாப்பிட்டால் எப்போதாவது ஒரு நாள் செய்வதில் தவறில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள்; கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூக்கலிப்டஸின் காயாத கிளையையும் போடாதீர்கள், அதன் தைல நெடி இறாலில் ஏறிவிடும்.

ஆனால் அந்த அடுப்பு வாசலோடு நிற்க வேண்டும். சுட்டு முடித்த பிறகு மிச்சக் கனலைக் குளிர்காய்வதற்காக அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் மலைப்பகுதிகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை இருமவைத்துக்கூட எழுப்பாது. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம் என்பது பாதுகாப்பு ஆகாது. தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைத்துவிட்டே வீட்டுக்குள் போங்கள். உரித்த ஓட்டையும் தலையையும் வீட்டுக்குப் பின்னால் கொட்டவும் வேண்டாம். கரடி வரும் ஊர் உங்களுடையது, மூடியுள்ள தொட்டியில் போட்டு மறுநாள் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மருமகளைப் பற்றி. நண்டு சாப்பிட்டால் உதடு அரிக்கும் என்றால், மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை அவர் இறாலையும் தொடக் கூடாது. நண்டு, இறால் இரண்டிலும் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். இரண்டிலும் அது மிக நெருங்கிய அமைப்பு உடையது என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். அது சூட்டுக்கு அழிவதும் இல்லை. சுட்டாலும் அவித்தாலும் அப்படியே இருக்கும். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். போன முறை உதட்டு அரிப்போடு நின்றது என்பதால் அடுத்த முறையும் அங்கேயே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, முகவீக்கம், தலைசுற்றல், தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்துகொண்டால் தெளிவு கிடைக்கும். அதுவரை அவருக்குச் சமைக்கும் தவாவும் இடுக்கியும் வெட்டுப் பலகையும் தனியாக இருக்கட்டும். இறால் வேகும்போது எழும் ஆவியே சிலருக்கு மூச்சுக்குழலைப் பாதிப்பதுண்டு; அவர் வீட்டில் இருக்கும் நாள்களில் இறால் சமையலைத் தள்ளிவைத்துவிடுங்கள்.